கூடி உழைத்தல்: மான்செஸ்டர் மகாநாட்டின் மூன்று பாடங்கள்

துணியொன்று தறியினின்று இறங்குமுன் பலர் கைகளைக் கடந்து வருகிறது. நூலுக்குச் சாயமிடுவோர் ஒருவர். பாவு ஓட்டுவோர் மற்றொருவர். தார் சுற்றுவோர் வேறொருவர். கூலிக் கணக்கு எழுதுவோர் இன்னொருவர். இவர்களுள் எவர் தாமதிப்பினும் தறி நிற்கும். உதாரணமாக, 50 தறிகளுக்கு நூல் வழங்குவது 2 நாள் தடைப்படின், 100 நாட்கூலி அழிந்துபோகிறது. அந்நஷ்டம் தாமதித்தவரைச் சேர்வதில்லை. தறிமுன் அமர்ந்திருப்பவரையே சேர்கிறது. ஆதலின், திருத்தணிகைக்கு அண்மையிலுள்ள ஆர்.கே.பேட்டை முதலிய நெசவு ஊர்களில், கூடி உழைத்தல் என்பது வெறும் உபதேசமன்று; ஜீவனத்தைப் பற்றிய விஷயமாகும்.

1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில், நெசவாளரும் பிற தொழிலாளருமாகிய 28 பேர், 28 பவுன் மூலதனத்துடன் ஒரு பண்டகசாலை தொடங்கினர். அவர்கள் கைக்கொண்ட விதிகளே உலகக் கூட்டுறவுக்கு அடிப்படையாயின. 1895-இல் தோன்றிய சர்வதேசக் கூட்டுறவுச் சம்மேளனம், 1937-இல் பாரிஸிலும், 1966-இல் வியன்னாவிலும், 1995-இல் மான்செஸ்டரிலும் மகாநாடு கூடி அவ்விதிகளை ஆராய்ந்து திருத்தியது. மான்செஸ்டரில் ஒப்புக்கொள்ளப்பட்ட கொள்கைகள் ஏழு. அவற்றுள் மூன்று இங்கு விளக்கப்படும்.

முதற் பாடம்: ஆளுக்கொரு வாக்கு. பங்கு ஒன்று உடையவர்க்கும் பத்து உடையவர்க்கும் உரிமை ஒன்றே. ஆயினும் கூட்டத்திற்கு வாராத அங்கத்தினரின் வாக்கு, பூட்டிய பெட்டியிலுள்ள பணம் போன்றது. பொதுச் சபைக்கு வந்து, வரவுசெலவைக் கேட்டறிந்து, ஐயமுற்றதை அங்கேயே வினவுதல் கடமையாகும். திண்ணையிற் பேசும் குறை சங்கத்தைத் திருத்தாது.

இரண்டாம் பாடம்: கல்வியும் தகவலும். ராச்டேல் சங்கத்தார் தம் இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென ஒதுக்கினர். திருத்தணிப் பகுதி 1960 வரை சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தமையால், இங்குத் தமிழும் தெலுங்கும் வழங்குகின்றன. நூலிருப்பு, கூலி விகிதம், பட்டுவாடா நாள் ஆகியவற்றை இரு மொழியிலும் எழுதி வைத்து, வாசிக்க இயலாதார்க்குப் படித்துக் காட்டுக. தெரிந்த கணக்கில் சந்தேகம் வளர இடமில்லை.

மூன்றாம் பாடம்: சங்கங்களுக்குள் ஒத்துழைப்பு. தனியொரு சங்கம் ஊர்தோறும் கடை திறத்தல் இயலாது. அதன்பொருட்டே 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் என்னும் கைத்தறி நெசவாளர் கூட்டுறவு ஸ்தாபனம் ஏற்பட்டது. ஒரு சங்கத்தின் துணி அளவிற் குறைந்தாலும் சாயம் போனாலும், வாங்குவோர் அச்சங்கத்தை மட்டும் குறைகூறார். கைத்தறி முழுவதையுமே பழிப்பர். ஆகவே தன் வேலையைச் செவ்வையாகச் செய்தல் பிறர்க்குச் செய்யும் உதவியுமாம்.

அடுத்த கூட்டத்தில் ஆலோசிக்கத்தக்க வினாக்கள்: சென்ற மாதம் எத்தனை தறிகள் எத்தனை நாள் நின்றன? எந்தக் கையில் வேலை தடைப்பட்டது? அத்தடை மீண்டும் நேராதிருக்க யார் யாருக்கு, என்றைக்குள் தெரிவிக்க வேண்டும்? விடைகளை நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதி, மறு கூட்டத்தில் முதற்கண் வாசித்தல் நலம்.