காஸ்பேஸ்-3 ஆன்டிபாடி வாங்கும் முன்

மூலிகைச் சாறு பட்டதும் புற்றுச் செல்கள் தாமாகவே மடிகின்றன என்று காட்ட விரும்பும் மாணவர்கள், காஸ்பேஸ்-3 ஆன்டிபாடி வேண்டும் என்று கேட்டு வருவார்கள். எந்தச் செல்லில் பார்க்கப் போகிறாய் என்பேன். எம்.சி.எஃப்-7 என்றால் ஆர்டர் அங்கேயே நின்றுவிடும். அந்த மார்பகப் புற்றுச் செல்லின் காஸ்பேஸ்-3 மரபணுவில் 47 கார இணைகள் விடுபட்டிருப்பதால் அந்தப் புரதமே உருவாவதில்லை. 1998-லேயே அச்சில் வந்த விஷயம் இது. இருந்தும் எம்.சி.எஃப்-7-இல் கன்னங்கரேலென்று காஸ்பேஸ்-3 பேண்ட் காட்டும் படங்கள் இன்னமும் கண்ணில் படுகின்றன. அது எதனுடைய பேண்டோ, எழுதியவருக்கே வெளிச்சம்!

ஆனால் அதே செல்லை வேறொரு காரியத்துக்காக வளர்த்து வைத்திருக்கிறேன். புதிய ஆன்டிபாடி வந்து இறங்கியதும் ஒரு லேனில் எம்.சி.எஃப்-7, பக்கத்து லேனில் ஸ்டாரோஸ்போரின் கொடுத்த ஜர்கட் செல். முதல் லேனில் காஸ்பேஸ்-3 இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருக்க வேண்டும். இரண்டாவதில் பேண்ட் வந்தே தீர வேண்டும். இந்தப் பரீட்சையில் தேறாத ஆன்டிபாடிக்கு என்ன விலை கொடுத்திருந்தாலும் அதை நம்புவதில்லை.

வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். காஸ்பேஸ்-3 செல்லில் செயலற்ற முழு வடிவில், உறையிலிட்ட கத்தி போல, சுமார் 35 கிலோ டால்டனில் கிடக்கிறது. 175-ஆவது இடத்திலுள்ள அஸ்பார்டிக் அமிலத்தை ஒட்டி வெட்டுப்பட்ட பிறகுதான் வேலை தொடங்கும். அப்போது 17, 19 கிலோ டால்டனில் துண்டுகள் தெரியும். சில ஆன்டிபாடிகள் வெட்டுப்பட்ட துண்டை மட்டுமே பிடிக்கும், சில இரண்டையும். முழு வடிவம் தெரிகிறது என்பதற்காகச் செல் மடிகிறது என்று எழுதிவிட முடியாது.

துண்டு சிறியது என்பதால் 0.45 மைக்ரான் மெம்பிரேனில் ஊடுருவிப் போய்விடலாம், 0.2 மைக்ரான் போடுங்கள். ஜெல் 15 சதவீதம். ஒப்பீட்டுக்கு ஜி.ஏ.பி.டி.எச். வேண்டாம், அது 37-இல் வந்து முழு வடிவத்தோடு ஒட்டிக்கொள்ளும். டியூபுலின் தொல்லை தராது.

பேண்ட் வரவே இல்லை என்று வருகிறவர்களிடம், மிதந்த செல்களை என்ன செய்தாய் என்று கேட்டால், மீடியத்தோடு உறிஞ்சிக் கொட்டிவிட்டேன் என்பார்கள். மடியும் செல்தான் தட்டை விட்டுக் கழன்று மேலே மிதக்கும். தேடிய புரதம் அப்படியே குப்பைக்குப் போய்விடுகிறது. அந்த மீடியத்தைச் சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி, கீழே படியும் செல்களையும் சேர்த்துத்தான் லைசேட் எடுக்க வேண்டும். ஆன்டிபாடி மேல் பழி போடுவதெல்லாம் அதற்குப் பிறகு.

வழிகாட்டிகளிடம் ஒரு வேண்டுகோள்: மாணவர் வெட்டி ஒட்டிக் கொண்டுவரும் ஒற்றைப் பேண்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். மார்க்கர் லேனோடு முழு மெம்பிரேன் படத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.