வகுக்கும் எண்ணை முதலில் பார்

அன்புள்ள மாணவிக்கு,

ஐப்பசி மழைத் தண்ணீர் வடியாமல் காரைக்காலில் ஆட்டங்கள் நின்றுபோன இந்த இடைவேளையில், கல்லூரி அணியின் பாதி சீசன் கணக்கை அனுப்பியிருக்கிறாய். தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி: "பத்தாவதாக இறங்கும் பையன்தான் சராசரியில் முதலிடம். அவனை மேலே இறக்கலாமா சார்?" அந்தக் கேள்வி உன் பழைய கணக்கு ஆசிரியரை இரண்டு நாளாக விடவில்லை.

அவனைப் போலவே ஒருவர் கதையைக் கேள். 1953-ல் ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்குப் போனது. அதில் பில் ஜான்ஸ்டன் இடக்கைப் பந்துவீச்சாளர். மட்டை பிடிப்பதில் கடைசி ஆள். அந்தப் பயணத்தில் அவர் 17 இன்னிங்ஸ் ஆடி 102 ரன் எடுத்தார். அவுட் ஆனது ஒரே ஒரு தடவை. 102-ஐ ஒன்றால் வகுத்தால் சராசரி 102! நீல் ஹார்வி போன்ற பெரிய மட்டையாளர்களுக்கும் மேலே அவர் பெயர் நின்றது. 40 டெஸ்ட் ஆடிய அவருடைய டெஸ்ட் சராசரி 11.37. அதே 102 ரன்னை 17 இன்னிங்ஸால் வகுத்துப் பார்: இன்னிங்ஸுக்கு ஆறு ரன். கடைசியாக இறங்குபவர் பெரும்பாலும் நாட் அவுட்டாகத் திரும்புவது, எதிர்முனையில் இருப்பவர் அவுட் ஆகிவிடுவதால்தான்.

உடனே "சராசரி பொய் சொல்லும்" என்பார்கள். இதைப்போல எரிச்சலூட்டும் பேச்சு வேறில்லை. ஒரு தடவை அவுட் ஆவதற்குள் எத்தனை ரன் என்று கேட்டால் அது சரியாகவே பதில் சொல்கிறது. யாரை மேலே இறக்குவது என்று அதனிடம் கேட்டது நம் தவறு.

பந்துவீச்சிலும் இதே கதைதான். 3 ஓவரில் 10 ரன்னுக்கு 2 விக்கெட் எடுத்தவனுக்குச் சராசரி 5. 60 ஓவரில் 150 ரன்னுக்கு 12 விக்கெட் எடுத்தவனுக்கு 12.5. அணியைச் சுமப்பவன் இரண்டாமவன். ஆனால் பட்டியலில் அவன் கீழே இருப்பான்.

பேஸ்பாலில் வகுக்கும் எண்ணே வேறு. இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க் வட்டாரத்தில் கிரிக்கெட் செய்தி எழுதிய ஹென்றி சாட்விக்தான் அந்த ஆட்டத்துக்குப் புள்ளிவிவரப் பழக்கத்தைக் கொண்டுபோனவர். அங்கே வெற்றிகரமான அடிகளை, மட்டை பிடித்த வாய்ப்புகளால் வகுக்கிறார்கள். ஜான்ஸ்டன் சிக்கல் அங்கே எழாது. ஆனால் பாதி சீசன் சிக்கல் எழும். பிராட்லி எஃப்ரான், கார்ல் மாரிஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1977-ல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் அதைப் பற்றி எழுதினார்கள். ஓரமெல்லாம் கணக்குப் போட்ட அதன் ஜெராக்ஸ் உன் ஆசிரியரின் அலமாரியில் இன்னும் இருக்கிறது.

1970 சீசனில் 18 வீரர்களின் முதல் 45 வாய்ப்புகளை மட்டும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ராபர்ட்டோ கிளெமென்டே 18 அடி, அதாவது 0.400. கடைசியில் மாக்ஸ் ஆல்விஸ், 0.156. ஒவ்வொருவர் எண்ணையும் பதினெட்டு பேரின் பொதுச் சராசரியான 0.265-ஐ நோக்கி இழுத்துவிட்டு, மீதி சீசனோடு ஒப்பிட்டார்கள். வர்க்கப் பிழைகளின் கூட்டுத்தொகை மூன்று மடங்குக்கு மேல் குறைந்தது. மீதி சீசனில் ஆல்விஸ் 0.200-க்கு ஏறினார், கிளெமென்டே 0.346-க்கு இறங்கினார். சிறிய பட்டியலில் உச்சியில் இருப்பவரிடம் திறமையோடு அதிர்ஷ்டமும் சேர்ந்திருக்கும். அதிர்ஷ்டம் மீதி சீசனிலும் தொடர்ந்து வராது.

ஒன்றைக் கவனி. கிளெமென்டே விஷயத்தில் சூத்திரம் அளவுக்கு மீறி இழுத்து, அவரை 0.300-க்கும் கீழே வைத்தது. அவர் அதற்கு முன்பே நான்கு முறை லீக்கின் தலைசிறந்த மட்டையாளர் என்பது சூத்திரத்துக்குத் தெரியாது. உனக்கோ போன வருட ஸ்கோர் புக் கையில் இருக்கிறது.

நம் வட்டாரத்துக்கே வருவோம். புதுச்சேரி அணி 2018-19-ல் முதன்முதலாக ரஞ்சிக் கோப்பையில் ஆடியது. அது ஆடிய, ஒன்பது அணிகள் கொண்ட பிளேட் பிரிவில் சிக்கிமின் மிலிந்த் குமார் 1331 ரன் குவித்தார், சராசரி 121. வகுத்துப் பார்த்தால் 11 தடவை அவுட். வகுக்கும் எண் கனமானதுதான். ஆனால் எதிரே இருந்தவை பெரும்பாலும் புதுமுக அணிகள். அதே பிரிவில் பீகாரின் அசுதோஷ் அமன் 68 விக்கெட் எடுத்து, 1974-75-ல் பிஷன் சிங் பேடி எடுத்த 64-ஐத் தாண்டினார். 68, 64 என்ற இரண்டு எண்களையும் அருகருகே வைக்கும்போது, பந்து யாருக்கு வீசப்பட்டது என்பதையும் எழுத வேண்டும்.

ஆகவே உன் தாளில் மூன்று பத்தி கூட்டு: எத்தனை தடவை அவுட், எத்தனை ஓவர், எதிரணி எது. பத்தாவதாக இறங்கும் பையனின் நாட் அவுட்களைத் தனியே எண்ணி, போன வருட ஸ்கோர் புக்கோடு சேர்த்து அனுப்பு. தை பிறந்து மைதானம் காய்வதற்குள் பதில் எழுதிவிடலாம்.

அன்புடன்,
உன் கணக்கு ஆசிரியர்