பாரிஸின் பலே கார்னியே: பேய்க்கதையும் கட்டடக்கதையும்

பாரிஸின் பழைய ஓபரா அரங்கான பலே கார்னியேவைப் பற்றிப் பேச்செடுத்தாலே முகமூடி போட்ட பேய் வந்துவிடும். கஸ்தோன் லெரூ 1909-10இல் எழுதிய தொடர்கதையின் செல்வாக்கு அது. பத்திரிகை நிருபராக இருந்த லெரூ, அங்கே உண்மையில் இருந்ததையும் நடந்ததையும் வைத்தே கதை பின்னினார். அதனால்தான் பொய்யை மட்டும் தனியே உருவி எடுப்பது கடினம்.

நம்பிக்கை: பிரெஞ்சு மன்னர் மூன்றாம் நெப்போலியன் கட்டித் திறந்துவைத்த அரங்கு.
உண்மை: கட்டச் சொன்னவர் அவர்தான். 1858இல், அப்போதிருந்த ஓபரா அரங்கின் வாசலில் அவர்மீது குண்டு வீசப்பட்டது. உயிர்தப்பியவர் பாதுகாப்பான புது அரங்கு கேட்டார். 1861இல் போட்டியில் வென்ற ஷார்ல் கார்னியே, மன்னரின் வண்டி நேராக ஏறிவரத் தனி வாயிலே அமைத்தார். ஆனால் 1870இல் ஆட்சி கவிழ்ந்தது. 1873இல் மன்னர் இறந்தார். திறப்பு விழா நடந்தது 1875 ஜனவரி 5 அன்று. மன்னருக்கான பகுதி கடைசிவரை முழுமை பெறவில்லை. இப்போது அங்கே நூலகமும் அருங்காட்சியகமும் உள்ளன.

நம்பிக்கை: அரங்குக்கு அடியில் ஏரி இருக்கிறது.
உண்மை: ஏரி இல்லை, தொட்டி இருக்கிறது. அஸ்திவாரம் தோண்டியபோது ஊற்று பெருக்கெடுத்தது. நீராவி எஞ்சின்கள் வைத்து மாதக்கணக்கில் இறைத்தார்கள். பிறகு கார்னியே பெரிய தொட்டி கட்டி அதில் நீரை நிரப்பினார். வெளியிலிருந்து நெருக்கும் ஊற்றுநீரை உள்ளே நிற்கும் நீரின் அழுத்தம் ஈடுகட்டியது. இன்றும் பாரிஸ் தீயணைப்பு வீரர்கள் அதில் முக்குளிப்புப் பயிற்சி செய்கிறார்கள். பார்வையாளர்களுக்கு அங்கே அனுமதியில்லை.

நம்பிக்கை: சரவிளக்கு அறுந்து ரசிகர்கள்மேல் விழுந்தது.
உண்மை: 1896 மே 20 அன்று விழுந்தது விளக்கு அல்ல, அதற்கான எதிர் எடைகளில் ஒன்று. விதானத்தைப் பொத்துக்கொண்டு அது விழுந்ததில் ஒரு பெண் இறந்தார். ஏறக்குறைய ஏழு டன் எடையுள்ள விளக்கு தொங்கிய இடத்திலேயே இருந்தது. அதை விழவைத்தது லெரூவின் பேனா.

நம்பிக்கை: ஷகாலின் ஓவியத்துக்காகப் பழைய விதான ஓவியத்தை அழித்துவிட்டார்கள்.
உண்மை: அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ கேட்டுக்கொண்டபடி மார்க் ஷகால் வரைந்த ஓவியம் 1964இல் ஏறியது. அது தனிச் சட்டத்தில் பொருத்தப்பட்டது. ஓவியர் லெனெப்வின் பழைய ஓவியம் அதற்குப் பின்னால் மறைந்திருக்கிறது.

நம்பிக்கை: நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுத்தால்தான் உள்ளே விடுவார்கள்.
உண்மை: பகலில் சுற்றிப்பார்க்கத் தனி டிக்கெட் உண்டு, வாசல் ஸ்க்ரீப், ஓபேர் வீதிகள் சந்திக்கும் மூலையில். பளிங்குப் படிக்கட்டு, பொன் பூசிய நெடுங்கூடம், 'பேயின் இருக்கை' என்று பலகை மாட்டிய ஐந்தாம் எண் பாக்ஸின் கதவு எல்லாம் பார்க்கலாம். 1989இல் பாஸ்டீல் ஓபரா வந்த பிறகும் இங்கே பாலே நடனமும் ஓபராவும் நடக்கின்றன. ஒத்திகை இருந்தால் அரங்கின் உட்பகுதியைப் பூட்டிவிடுவார்கள். போகும் நாளில் உட்பகுதி திறந்திருக்குமா என்று விசாரித்துக்கொண்டு டிக்கெட் எடுங்கள். இல்லையென்றால் ஷகாலையும் சரவிளக்கையும் பார்க்காமலே திரும்ப நேரும்.