பழுதுபட்ட மூட்டும் பாடுபடும் உடம்பும்



இம்முறை சுகாதாரப் பாடத்தை யாழ்ப்பாணக் குடாநாட்டின் நெல்லியடியிலிருந்து தொடங்குவோம். வடமராட்சியில், பருத்தித்துறைக்குப் போகும் வீதியில் உள்ள சந்தைப் பட்டினம் அது. அங்கே மலையும் இல்லை, தேயிலையும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் சமதரை. தோட்டம் என்றாலே அங்குள்ளவர்களுக்கு வெங்காயத் தோட்டம், மரக்கறித் தோட்டம்தான். ஆனாலும் முழங்கால் நோவு அவர்களுக்கும் புதிதல்ல.

காரணம் வேலை. வெங்காயம் நடுவதும் புல்லுப் பிடுங்குவதும் குந்தியிருந்து செய்கிற வேலை. சீவல் தொழிலாளர் காலில் தளைநார் பூட்டி, காலையும் மாலையும் பனை ஏறி இறங்குகிறார்கள். 2009இல் முடிந்த யுத்தத்தின் காயங்களால் மடங்காத முழங்காலோடும் உயர்த்த ஏலாத தோளோடும் வாழ்கிறவர்களும் வடக்கில் இருக்கிறார்கள்.

நமது மலைகளில், கொழுந்தைச் சுமந்து சரிவில் இறங்கும் அக்காமாருக்கு முழங்கால் நோகிறது. கவ்வாத்து வெட்டும் அண்ணன்மாருக்குத் தோளும் மணிக்கட்டும் நோகின்றன. கானில் கால் இடறியவருக்குக் கணுக்கால். அங்கே "இருந்தெழும்ப ஏலாமல் கிடக்கு" என்பார்கள். இங்கே "காலு கடுக்குது" என்கிறோம். வேலை வேறு, மூட்டு ஒன்றுதான்.

இப்படி நாட்பட்ட மூட்டுக் காயம் உள்ளவர்கள் பொதுவாக இரண்டு வழியில் போகிறார்கள். ஒரு சாரார், பேர் போடமாட்டார்கள் என்ற பயத்தில் நோவை மறைத்து, தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு மலைக்கு ஏறுகிறார்கள். மறு சாரார், "இனி நம்மால் ஆகாது" என்று லயத்துக் காம்பராவுக்குள் முடங்கிவிடுகிறார்கள். இரண்டுமே மூட்டுக்குக் கெடுதல். நடுவில் ஒரு வழி இருக்கிறது.

மூட்டு ஏன் அசைவைக் கேட்கிறது?

எலும்பு முனைகளைக் குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அதற்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் நீரிலிருந்துதான் அதற்குப் போசாக்கு கிடைக்கிறது. பஞ்சை அமத்தி விட்டால் தண்ணீரை உறிஞ்சுவது போல, அசையும்போதுதான் அந்த நீர் குருத்தெலும்புக்குள் போய் வருகிறது. அசையாத மூட்டு பட்டினி கிடக்கும்.

இன்னொன்று, மூட்டைத் தாங்குவது தசை. முழங்காலுக்குத் தொடையின் முன்தசை பெரிய துணை. படுத்தே கிடந்தால் அந்தத் தசை சில வாரத்திலேயே மெலிந்துவிடும். பிறகு பாரம் முழுவதும் மூட்டில் விழும். நோவும் கூடும்.

"நாள் முழுக்க மலை ஏறுகிறோமே, அது போதாதா?" என்று கேட்பீர்கள். வேலை ஒரே மூட்டை ஒரே விதமாகத் தேய்க்கிறது. பயிற்சி, அந்த மூட்டைத் தாங்கும் தசையை வளர்க்கிறது. வித்தியாசம் அதுதான்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

1. வாங்கில் இருந்துகொண்டு ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, மெல்ல இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தரம்.

2. கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பி, மெதுவாக இருங்கள். ஐந்து தரத்தில் தொடங்கிப் பத்தாக்குங்கள்.

3. கணுக்கால் அடிக்கடி பிசகுகிறவர்கள், சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்கப் பழகுங்கள். பிறகு முப்பது விநாடிவரை கூட்டலாம்.

4. தோள் இறுகியவர்கள், சுவரில் விரல்களை எறும்பு ஊருவது போல மேலே ஏற்றி இறக்குங்கள்.

இவற்றோடு நடையும் வேண்டும். நாட்பட்ட நோயோ வலுவிழப்போ உள்ளவர்களும் முடிந்தவரை வாரத்துக்கு 150 நிமிடம் மிதமாக உடலை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது. நாளுக்கு அரை மணி, வாரத்தில் ஐந்து நாள். நெல்லியடிக்காரருக்குச் சமதரையில் சைக்கிள் ஓடுவது சுகம். முழங்காலில் உடல் பாரம் அவ்வளவாக விழாது. நமக்கு அது வாய்க்காது. கரத்தை ரோட்டில் ஏற்ற இறக்கம் குறைந்த துண்டாகப் பார்த்து நடப்போம்.

எவ்வளவு நோகலாம்?

பயிற்சியின்போது கொஞ்சம் நோவது பயப்படும் விஷயமல்ல. ஆனால் இரண்டு மணித்தியாலம் கழிந்தும் நோவு குறையாவிட்டால், அல்லது மறுநாள் காலையில் மூட்டு வீங்கியிருந்தால், அளவு மிஞ்சிவிட்டது. அடுத்த தரம் பாதியாகக் குறையுங்கள். முற்றாக விட்டுவிடாதீர்கள்.

ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது நோவுக் காலை முதலில் வையுங்கள். ஊன்றுகோலை நோவுக் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். உடம்பு பருத்தவர்கள் ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வொரு எட்டிலும் முழங்காலில் விழும் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறையும்.

மாத்திரை பற்றி

டைக்ளோபெனாக், இபுபுரோபன் போன்றவற்றைக் கடையில் வாங்கித் தினமும் போடாதீர்கள். வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் பழுதாகும். பிரஷர், நீரிழிவு உள்ளவர்களுக்கும், தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நிற்பவர்களுக்கும் ஆபத்து இன்னும் கூட. எண்ணெய் தடவுவது இதம் தரும், தடையில்லை. ஆனால் எலும்பு முறிந்ததோ என்ற சந்தேகம் இருந்தால், உருவுவதற்கு முன் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

தாமதிக்கக் கூடாத அடையாளங்கள்

மூட்டு சூடாகிச் சிவந்து காய்ச்சலும் வந்தால், காலை ஊன்றவே ஏலாவிட்டால், மூட்டு இடையில் பூட்டிக்கொண்டால், உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். நெல்லியடி மக்களுக்குக் கிட்ட மந்திகை ஆதார வைத்தியசாலை இருக்கிறது. நாம் தோட்ட வைத்திய உதவியாளரிடம் காட்டி, பெரிய வைத்தியசாலைக்குத் துண்டு கேட்போம். அங்கே இயன்மருத்துவரைச் சந்திக்க முடியுமா என்றும் விசாரியுங்கள்.

வேலையில் அடிபட்டால் அன்றே சொல்லிப் பதிவு செய்யுங்கள். வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் 1934ஆம் ஆண்டிலிருந்தே நம் நாட்டில் இருக்கிறது. மறைத்த காயத்துக்குச் சாட்சி கிடையாது. சொன்ன காயத்துக்குத்தான் மருந்தும் கிடைக்கும், நியாயமும் கிடைக்கும்.

கூடிப் பேசுவதற்கு

1. நமது லயத்தில் நோவை மறைத்து வேலைக்குப் போகிறவர்கள் யார்? ஏன் மறைக்கிறார்கள்?

2. மூட்டு நோவுக்காரருக்குச் சரிவு குறைந்த மலையில் வேலை தரும்படி கங்காணியிடமும் துரையிடமும் எப்படிக் கேட்கலாம்?

3. மாலையில் பத்து நிமிடம் சேர்ந்து பயிற்சி செய்ய எந்த இடம் வசதி?

தனியே செய்தால் நாலு நாளில் விட்டுவிடுவோம். கூடிச் செய்தால் பழகிவிடும். இந்த வாரமே தொடங்குவோம்.