வாய் திறவா உரிமை

குற்றம் செய்தவனைக் கண்டுபிடித்து ஒறுத்தல் அரசின் கடமை. குற்றமற்றவன்மீது பழி ஏறாதவாறு காத்தலும் அவ்வரசின் கடமையே. இவ்விரு கடமைகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. வழக்கறிஞர் வாதிடும் நீதிமன்றத்தை அவ்விடம் என்று நீங்கள் எண்ணக்கூடும். நீதிமன்றத்திற்கு வழக்கு வருமுன்னரே, காவலர் ஒருவர் வினாவ, ஒருவர் விடை கூறத் தயங்கி நிற்கும் சிறு அறையே அவ்விடமாகும். அங்கு நிகழ்வதைக் காண்பார் பெரும்பாலும் இலர்.

'குற்றமற்றவன் ஏன் அஞ்சவேண்டும்? உள்ளதை உள்ளவாறு கூறிவிடலாமே!' என்று கேட்பவர் பலர். கேட்பதற்கு இது நேர்மையான வினாவாகவே தோன்றும். ஆனால், உலக வரலாறு வேறு பாடத்தைக் கற்பிக்கின்றது. உண்மையை வெளிக்கொணர்வதாகக் கூறிப் பண்டைய அரசுகள் மனிதரை வதைத்தன. வதையினின்று தப்பும் பொருட்டுச் செய்யாத குற்றத்தையும் செய்ததாக ஒப்புக்கொண்டவர் எண்ணற்றவர். துன்பம் பொறுக்க வல்லவன் தப்பினான். பொறுக்க மாட்டாதவன் மாண்டான். அங்கே அளக்கப்பட்டது உடலின் வலிமையேயன்றி உண்மை அன்று.

இங்கிலாந்து நாட்டில் விண்மீன் மண்டபம் என்னும் பெயருடைய நீதிமன்றம் ஒன்று இருந்தது. 1637-ஆம் ஆண்டில், அரசு தடுத்த நூல்களை நாட்டிற்குள் கொணர்ந்தார் என்று ஜான் லில்பர்ன் என்னும் இளைஞர் பிடிக்கப்பட்டார். கேட்கும் எல்லாவற்றிற்கும் விடையளிப்பதாக முதலில் ஆணையிடுமாறு அவரைப் பணித்தனர். அவர் மறுத்தார். மறுத்தமைக்காக 1638-இல் அவரை வண்டியின் பின்னே கட்டி, இலண்டன் தெருக்களில் கசையால் அடித்துக்கொண்டே சென்றனர். மூன்றே ஆண்டுகள் கழிந்தன. 1641-இல் பாராளுமன்றம் அந்நீதிமன்றத்தையே ஒழித்தது. தன்னைத் தானே காட்டிக்கொடுக்குமாறு ஒருவனை நெருக்குதல் ஆகாது என்னும் கொள்கை இத்தகைய துன்பங்களின் நடுவே வேரூன்றியதாகும்.

1950-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு இக்கொள்கையை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக வைத்துப் போற்றுகின்றது. குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தமக்கெதிராகத் தாமே சான்று கூறுமாறு கட்டாயப்படுத்தல் கூடாது என்பது அதன் 20-ஆம் உறுப்பின் மூன்றாம் பகுதி. இவ்வுரிமைக்கு எல்லையும் உண்டு. விரல் பதிவையோ கையெழுத்து மாதிரியையோ பெறுதல் சான்று கூற வைப்பதாகாது என்று 1961-இல் உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் அடங்கிய ஆயம் தீர்ப்பளித்தது. விரலின் வரிகளை எவராலும் மாற்ற இயலாது. நாவின் சொல்லையோ அச்சம் மாற்றிவிடும். ஆதலின் இவ்வேறுபாடு பொருத்தமுடையதே.

இனி, இவ்வுரிமை காவல் நிலையத்தின் வாயிலைத் தாண்டி உள்ளே வருமா? வாயிலுக்கு வெளியே நின்றுவிடுமா? இவ்வினாவைத் தெளிவாக எழுப்பியவர் ஒரு பெண்மணி.

அந்நாளில் ஒரிசா என வழங்கிய ஒடிசா மாநிலத்தின் முதற்பெண் முதலமைச்சராக விளங்கியவர் நந்தினி சத்பதி அம்மையார். ஒடியா மொழி எழுத்தாளர் காளிந்தி சரண் பாணிகிராகியின் திருமகள், தாமும் எழுத்தாளர். 1972-இல் முதலமைச்சர் பதவியேற்ற அவர், 1976-ஆம் ஆண்டின் இறுதியில் அப்பதவியினின்று விலகினார். அடுத்த ஆண்டிலேயே அவர்மீது ஊழல் வழக்குப் பதிவாயிற்று. 1977 செப்டம்பரில் கட்டாக் நகரிலுள்ள கண்காணிப்புக் காவல் நிலையத்திற்கு வருமாறு அவருக்கு ஆணை சென்றது. நீண்டதொரு வினாப் பட்டியலும் எழுத்தில் தரப்பட்டது. அம்மையார் விடையளிக்க மறுத்தார். அரசியலமைப்பு தமக்கு அளித்த காப்பினை எடுத்துரைத்தார்.

காவல் துறை சினந்தது. பொது ஊழியர் சட்டப்படி கேட்ட வினாவிற்கு விடை கூற மறுத்தல் தண்டச் சட்டத்தின் 179-ஆம் பிரிவின்படி குற்றம் என்று நடுவரிடம் முறையிட்டது. நடுவர் அழைப்பாணை விடுத்தார். உயர் நீதிமன்றத்தை நாடிய அம்மையாருக்கு அங்கும் வெற்றி கிட்டவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றது.

மூவர் அடங்கிய ஆயத்தின் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர். பாலக்காட்டிலே பிறந்து, சென்னையிலே சட்டம் பயின்று, மலபார் பகுதியிலே வழக்கறிஞராகத் தொழில் புரிந்தவர். அப்பகுதி சென்னை மாகாணத்தோடு இணைந்திருந்த 1948-ஆம் ஆண்டில், பொதுவுடைமையாளருக்கு உதவினார் என்னும் ஐயத்தால் ஒரு திங்கள் சிறையில் இருந்தவர். சிறைக் கதவின் உட்புறத்தைக் கண்டறிந்த நீதிபதிகள் சிலரே. அப்பட்டறிவு அவருடைய தீர்ப்புகளில் எதிரொலித்தது என்று கருதுவது மிகையாகாது.

1978 ஏப்பிரல் 7-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. வாய் திறவா உரிமை நீதிமன்றத்தில் மட்டுமன்று, காவலர் வினாவும்போதும் உண்டு என்று அது கூறிற்று. கட்டாயம் என்பது அடியும் உதையும் மட்டுமன்று என்றும் தெளிவுறுத்திற்று. சூழலால் அச்சுறுத்தல், களைத்துச் சோரும்வரை ஓயாது வினாவுதல், உள்ளத்தை நெருக்குதல் ஆகிய யாவும் கட்டாயமே என்றது. வினாவும்போது வழக்கறிஞர் உடனிருக்க இடந்தருதல் நன்று என்றும் அறிவுறுத்தியது. எனினும், நீதிமன்றம் அம்மையாரை முற்றும் விடுவித்துவிடவில்லை. அவர்மீது 179-ஆம் பிரிவின்கீழ்த் தொடுத்த வழக்கை நீக்கியதாயினும், தம்மைக் குற்றத்தில் சிக்க வைக்காத வினாக்களுக்கு விடை கூறவேண்டும் என்றும், கூற மறுக்கும் வினாவுக்கு எக்குற்றம் பற்றிய அச்சத்தால் மறுக்கிறார் என்பதைச் சுருக்கமாகவேனும் தெரிவிக்கவேண்டும் என்றும் கட்டுப்பாடு விதித்தது. உரிமையைப் போர்வையாக்கிக்கொண்டு உண்மையை மறைத்தற்கு இடமில்லை. துப்புத் துலக்குவோரின் கையைக் கட்டிவிட்டார் என்று கிருஷ்ணய்யரைக் குறை கூறுவோர் இப்பகுதியைப் படித்திலர் போலும்!

அத்தீர்ப்பில் மற்றொரு செய்தியும் உண்டு. என் கருத்தில் அதுவே நெஞ்சைத் தொடுவது. விசாரணையின் பொருட்டுப் பெண்ணொருத்தியை அவள் வாழும் இடத்திற்கு அப்பால் வருமாறு அழைத்தல் கூடாது என்று 1973-ஆம் ஆண்டின் குற்ற நடைமுறைச் சட்டம், 160-ஆம் பிரிவில் விதித்திருந்தது. வினாவ விரும்பும் காவலரே அவள் இல்லம் செல்லவேண்டும். அம்மையாரைக் காவல் நிலையத்திற்கு அழைத்தது அவ்விதியை அப்பட்டமாக மீறிய செயல் என்று நீதிமன்றம் வருந்திக் கண்டித்தது. நேற்றுவரை மாநிலத்தை ஆண்ட பெண்மணிக்கே சட்டம் இவ்வாறு மறக்கப்பட்டதெனில், எழுத்தறியாக் கூலிப் பெண்ணொருத்தியின் நிலை என்னாகும்?

அதற்கு விடை அதே காலத்தில் கிடைத்தது. 1972-இல் மகாராட்டிர மாநிலத்தில் பழங்குடிச் சிறுமி ஒருத்தி, இரவு வேளையில் காவல் நிலையத்திற்குள்ளேயே காவலரால் கெடுக்கப்பட்டதாக முறையிட்டாள். அவள் உடலில் காயம் இல்லை, கூக்குரல் எழுப்பவில்லை என்பன போன்ற காரணங்களைக் காட்டி, உச்ச நீதிமன்றம் 1978-இல் காவலரை விடுதலை செய்தது. அச்சத்தால் அடங்கியதை இசைவு என்று கொள்வதா என்று வினவி, சட்டப் பேராசிரியர் நால்வர் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் விடுத்தனர். நாடெங்கும் மகளிர் திரண்டனர். அதன் பயனாக 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் உள்ள பெண்ணைக் காவலர் கெடுத்தல் தனிக் கொடுங்குற்றமாயிற்று. தான் இசையவில்லை என்று அவள் மன்றத்தில் உரைப்பின், அவ்வாறே கொள்ளவேண்டும் என்பதும் விதியாயிற்று. மாணவர்களே, ஒரே உச்ச நீதிமன்றம் ஒரே ஆண்டில் அளித்த இரு தீர்ப்புகள் இவை. ஒன்றைப் பாராட்டும் நாம் மற்றொன்றைக் கண்டு நாணாதிருக்க முடியவில்லை.

பின்னர்ப் பிற காப்புகளும் சேர்ந்தன. கதிரவன் மறைந்த பின்னும் எழுமுன்னும் பெண்ணைக் கைது செய்தல் ஆகாது என்று 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது. தவிர்க்க இயலா நிலை நேரின், பெண் காவல் அலுவலர் எழுத்து மூலம் காரணம் காட்டி நடுவரின் இசைவை முன்னதாகப் பெறவேண்டும். மயக்க மருந்து செலுத்தி உண்மையை வரவழைக்கும் முறையை ஒருவர் இசைவின்றிக் கையாளலாகாது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, நந்தினி அம்மையாரின் வழக்கும் அங்கே எடுத்தாளப்பட்டது.

2024 சூலை முதல் நாளன்று பழைய குற்ற நடைமுறைச் சட்டம் நீங்கி, பாரதிய நாகரிக் சுரக்சா சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. 160-ஆம் பிரிவு அதில் 179-ஆம் பிரிவாயிற்று. அம்மையார்மீது வழக்குத் தொடரக் கருவியாயிருந்த தண்டச் சட்டப் பிரிவின் எண்ணும் 179. இன்று அவ்வெண்ணே பெண்டிரை இல்லத்தில் வைத்தே வினாவுக என்று காவலருக்குக் கூறுகின்றது. பதினைந்து வயதிற்குக் கீழ்ப்பட்ட சிறுவரையும், அறுபது வயதைக் கடந்தவரையும், உடலாலோ மனத்தாலோ குறையுற்றோரையும், கடும் பிணியுற்றோரையும் அவ்விதி பெண்டிரோடு சேர்த்துக் காக்கின்றது. அவருள் எவரேனும் தாமே விரும்பினால் காவல் நிலையம் செல்லலாம்.