எண்ணெய் ஏன் 25-ஆம் தேதியே தீர்ந்துபோகிறது?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் ஒரு சிற்றூர் எங்களுடையது. வீட்டில் ஐந்து பேர். நான், கணவர், அத்தை, எட்டாவதும் நாலாவதும் படிக்கிற இரண்டு பிள்ளைகள். கணவர் நூல் மில்லில் வேலை பார்க்கிறார். சாப்பாட்டுச் செலவுக்கு மாதம் 9,000 ரூபாய் என் கையில் தருவார். பால், காய்கறி, முட்டை எல்லாம் அதற்குள்தான். அரிசி கார்டு இருக்கிறது. ஒன்றாம் தேதி அண்ணாச்சி கடையில் கொடுக்கிற சாமான் லிஸ்ட் பல வருஷமாக அதே லிஸ்ட்தான். மூன்று பாக்கெட் எண்ணெய் மாதம் முழுக்க வரும். இப்போது 25, 26 தேதிக்கே தீர்ந்துவிடுகிறது. டீத்தூளும் சோப்பும் அப்படியே. "உனக்குக் கை தாராளம்" என்று அத்தை சொல்கிறார். போன மாதம்தான் எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். 850 மில்லி என்று போட்டிருக்கிறது. விலை 145 ரூபாய். அதே கடையில் ஒரு லிட்டர் பாக்கெட் 165. இப்படி அளவைக் குறைத்து விற்கச் சட்டம் இடம் கொடுக்கிறதா? யாரிடம் புகார் செய்வது? டவுனில் இருக்கிற சூப்பர் மார்க்கெட்டில் பெரிய பாக்கெட்டாக வாங்கினால் மிச்சமாகுமா? பிள்ளைகளுக்குத் தினம் இரண்டு பத்து ரூபாய் பிஸ்கட், வாரம் இரண்டு பாக்கெட் இட்லி மாவு, மாதம் ஒரு ஹெல்த் டிரிங்க் டப்பா, இவையும் இந்த 9,000-க்குள்தான் வருகின்றன. எதைக் குறைப்பது என்று சொல்லுங்கள்.

பதில்: உங்கள் கை தாராளமில்லை, சகோதரி. கணக்கைப் பாருங்கள். மூன்று லிட்டரை முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 100 மில்லி. ஐந்து பேர் சாப்பிடும் வீட்டில் அது அளவான செலவு. இப்போது உங்கள் வீட்டுக்கு வருவது மூன்று 850 மில்லி, அதாவது 2,550 மில்லி. அதே 100 மில்லி வீதம் ஊற்றினால் 26-ஆம் தேதி மத்தியானச் சமையலோடு பாக்கெட் காலி. நீங்கள் சொன்ன தேதியும் இதுவே. நீங்கள் ஒரு கரண்டிகூட அதிகமாக ஊற்றவில்லை. வீட்டுக்குள் வரும்போதே 450 மில்லி குறைந்து வருகிறது. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அத்தையிடம் காட்டுங்கள். வீட்டைப் பொறுப்பாக நடத்தும் பெண்கள் செய்யாத தப்புக்குப் பேச்சு வாங்குவது எனக்குப் பெரிய வருத்தம்.

சட்டம் என்ன சொல்கிறது? எண்ணெய், டீத்தூள், மாவு, உப்பு போன்ற பொருள்களை இன்னின்ன அளவில்தான் பாக்கெட் போட வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் எடையளவு விதிகளில் ஒரு பட்டியல் இருந்தது. எண்ணெய் என்றால் அரை லிட்டர், ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் என்று போகும். 2022-இல் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டார்கள். அதனால் 850 மில்லி என்று தெளிவாக அச்சிட்டு 850 மில்லியே ஊற்றி விற்றால் அது குற்றமாகாது. பட்டியலை எடுத்ததற்கு ஈடாக, கிராமுக்கோ மில்லிக்கோ கிலோவுக்கோ என்ன விலை என்பதையும் பாக்கெட்டில் போட வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். பிரான்சில் 2024 ஜூலையிலிருந்து, அளவு குறைந்து, கிலோ அல்லது லிட்டர் கணக்கில் விலை கூடிய பொருளுக்குப் பக்கத்தில் பெரிய கடைகள் இரண்டு மாதம் அறிவிப்பு வைக்க வேண்டும். நம் ஊருக்கும் அப்படி ஒரு விதி வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த யூனிட் விலையைப் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். எம்.ஆர்.பி.க்கு அருகில் பொடி எழுத்தில் இருக்கும். ஒரு கிலோவுக்கோ லிட்டருக்கோ குறைந்த பாக்கெட் என்றால் ஒரு கிராம் அல்லது ஒரு மில்லியின் விலையாகப் போடுவார்கள். 0.17 என்று இருந்தால் மில்லிக்கு 17 பைசா. இரண்டு தசம இடத்துக்கு முழுமைப்படுத்திவிடுவதால், லிட்டர் 165 ரூபாய்க்கு விழும் எண்ணெயும் 174 ரூபாய்க்கு விழும் எண்ணெயும் அங்கே ஒன்றுபோல 0.17 என்றே தெரியும். அது எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்ட கணக்கு வேறு. அண்ணாச்சி அதற்குக் குறைத்துத் தருகிறார் என்றால் உங்கள் கணக்கு மாறும். ஆகவே செல்போனை எடுத்து, நீங்கள் கொடுக்கும் பணத்தை அளவால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குங்கள். உங்கள் 850 மில்லி பாக்கெட் லிட்டர் 170 ரூபாய் 59 பைசா ஆகிறது. பக்கத்தில் இருந்த ஒரு லிட்டர் 165. கைக்கு 20 ரூபாய் மலிவாகத் தெரிந்த பாக்கெட்தான் உண்மையில் விலை கூடியது.

செக்கு எண்ணெய் வாங்கினால் கிலோவா லிட்டரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம்தான். ஒரு கடையில் லிட்டர் 280, இன்னொரு கடையில் கிலோ 300 என்றால் கிலோக் கணக்குக் கடைதான் மலிவு.

ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டுகளின் கதை கொஞ்சம் வேறு. சில்லறைக் காசாகக் கையில் இருப்பது அந்த நாணயங்கள்தான் என்பதால் ஐந்து ரூபாய் பிஸ்கட்டை ஆறு ரூபாய் ஆக்கக் கம்பெனிகள் துணிவதில்லை. விலை நிற்கும், எடை இறங்கும். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கிச் சூரியகாந்தி எண்ணெய் வரத்து சுருங்கியது. ஏப்ரலில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. அந்த வருஷம் பத்து ரூபாய் பாத்திர சோப்பு ஒன்று 155 கிராமிலிருந்து 135 ஆனதும், பத்து ரூபாய் புஜியா பாக்கெட் ஒன்று 55 கிராமிலிருந்து 42 ஆனதும் பத்திரிகைகளில் வந்தன. புஜியாவில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், சோப்பு போன்றவற்றுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகக் குறைந்தபோது, பத்து ரூபாய் பாக்கெட்டின் விலையைக் குறைப்பதற்குப் பதில் எடையைக் கூட்டித் தருவதாகப் பல கம்பெனிகள் சொல்லின. சாமான் லிஸ்ட் நோட்டில் பொருளுக்கு நேரே எடையையும் எழுதிவையுங்கள். கூட்டிய எடை எப்போது சத்தமில்லாமல் இறங்குகிறது என்று அப்போதுதான் தெரியும்.

அளவு மாறாமல் உள்ளே இருப்பது மாறுவதும் உண்டு. 2023 நவம்பரில் ஆவின் பச்சைப் பாக்கெட்டுக்குப் பதிலாக ஊதா நிற டிலைட் பாக்கெட் வந்தபோது அரை லிட்டர் அதே அரை லிட்டர், விலையும் அதே 22 ரூபாய். கொழுப்பு மட்டும் 4.5 சதவீதத்திலிருந்து 3.5 ஆனது. குடிக்க 3.5 சதவீதப் பாலில் ஒரு குறையும் இல்லை. தயிரின் கெட்டியும் வெண்ணெயும் குறைந்ததைப் பார்த்துப் பால்காரரோடு சண்டை போட்டவர்கள் பலர். பாக்கெட் அளந்தால் பிடிபடாத மாற்றம் அது.

அரிசியில் நேர்மாறாக மூட்டை பெரிதாகியிருக்கிறது. 2022 ஜூலை 18 முதல், லேபிள் ஒட்டிக் கட்டிய 25 கிலோ வரையுள்ள அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. அதனால்தான் கடைகளில் 26 கிலோ மூட்டை. கையில் மொத்தமாகப் பணம் இருக்கும் மாதத்தில் அதை வாங்குவது லாபம்.

பெரிய பாக்கெட் பற்றிக் கேட்டீர்கள். பருப்பு, உளுந்து, டீத்தூள், சோப்புத்தூள் இவற்றில் பெரும்பாலும் பெரியது மலிவு. ஷாம்பூவில் பெரும்பாலும் தலைகீழ். 1980-களில் கடலூரிலிருந்து கிளம்பிய ஷாம்பூ பாக்கெட் தினக்கூலி வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. இன்றும் பல ஷாம்பூக்கள் பாட்டிலைவிடச் சின்னப் பாக்கெட்டில்தான் மில்லி கணக்குக்கு மலிவு. டவுனுக்குப் போகும் பஸ் செலவையும், அங்கே லிஸ்டில் இல்லாமல் கூடையில் விழும் சாமானையும் சேர்த்தால், உங்கள் அண்ணாச்சி கடையில் உதிரியாக நிறுத்துத் தரும் பருப்பே உங்களுக்கு நல்லது.

இப்போது 9,000. மத்திய அரசின் 2023-24 வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வில், கிராமத்துக் குடும்பங்களின் செலவில் 47 சதவீதம் சாப்பாட்டுக்குப் போகிறது. அந்தச் சாப்பாட்டுச் செலவில் முதலிடம் அரிசிக்கோ பாலுக்கோ பருப்புக்கோ இல்லை. பானங்களும் பாக்கெட் தின்பண்டங்களும் தயார் உணவும்தான் முதலில் நிற்கின்றன. உங்கள் லிஸ்டிலும் குறைக்க வேண்டிய இடம் அதுவே. தினம் இருபது ரூபாய் பிஸ்கட் என்றால் மாதம் 600. முட்டை ஒன்று ஆறு ரூபாய் என்று வைத்தாலும் அதற்கு நூறு முட்டை வரும், முட்டைக்குச் சுமார் ஆறு கிராம் புரதம். பிள்ளைகளிடமிருந்து பிஸ்கட்டை ஒரேயடியாகப் பிடுங்கச் சொல்லவில்லை. வாரம் இரண்டு நாள் பிஸ்கட், மற்ற நாள் அவித்த முட்டை, சுண்டல், பொரிகடலை, கடலை மிட்டாய் என்று மாற்றுங்கள். பசி தாங்கும், பணமும் மிஞ்சும்.

ஹெல்த் டிரிங்க் டப்பாவின் பின்பக்கத்தில் 100 கிராமுக்குச் சர்க்கரை எத்தனை என்று பாருங்கள். அதைப் படித்த பிறகும் வாங்க மனம் வந்தால் வாங்குங்கள். கேழ்வரகு, பொட்டுக்கடலை, பாசிப்பயறு, கொஞ்சம் வேர்க்கடலை வறுத்து மில்லில் கொடுத்து அரைத்த சத்துமாவு, டப்பா விலையில் ஒரு பகுதிக்கே ஒரு மாதம் வரும்.

இட்லி மாவைக் கட்டாயம் வீட்டில் ஆட்டுங்கள். நாலுக்கு ஒன்று என்று ஒரு கிலோ புழுங்கலரிசியும் கால் கிலோ உளுந்தும் போட்டால் மூன்று கிலோவை ஒட்டி மாவு காணும். அரிசி ரேஷனில் விலையில்லாமல் வருகிறது. உளுந்துக்கு 35 ரூபாய் போகும். கடையில் அதே மாவு மூன்று பாக்கெட், 130 ரூபாய்க்குக் குறையாது. ரேஷன் புழுங்கலை நன்றாகக் கழுவி, கொஞ்சம் வெந்தயம் சேர்த்து ஊறவைத்தால் இட்லி மெத்தென்று வரும்.

ரேஷனை முழுசாக வாங்குகிறீர்களா? துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். பாமாயிலை முற்றிலும் ஒதுக்குகிற வீடுகள் நிறைய. அதில் கெட்ட கொழுப்பைக் கூட்டும் வகை கடலெண்ணெய், நல்லெண்ணெயைவிட அதிகம் என்பது உண்மை, அதனால் முழுச் சமையலையும் அதில் செய்ய வேண்டாம். மாதம் மூன்று லிட்டரில் ஒன்று பாமாயில், இரண்டு கடலெண்ணெயும் நல்லெண்ணெயும் என்று கலந்து பயன்படுத்தினால் போதும். அந்த ஒரு லிட்டரில் மட்டும் 140 ரூபாய் நிற்கும். பருப்பு விலை ஏறும் மாதங்களில் வாரம் இரண்டு நாள் கொள்ளு, தட்டைப்பயறு, மொச்சைக் குழம்பு வையுங்கள். பிள்ளைகள் இருவரும் அரசுப் பள்ளி என்றால் மதிய உணவில் முட்டை உண்டு. நாலாவது படிப்பவருக்குக் காலை உணவும் உண்டு. அங்கேயே சாப்பிடச் சொல்லுங்கள், அதில் ஒரு கௌரவக் குறைவும் இல்லை.

பால், பருப்பு, முட்டை, கீரை இவற்றில் கை வைக்காதீர்கள். பணம் முட்டும்போது அம்மாக்கள் முதலில் குறைப்பது தங்கள் தட்டில் விழும் காயையும் முட்டையையும்தான். நீங்கள் அதைச் செய்யக் கூடாது என்று உங்கள் அக்காவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

மிச்சப்படும் பணத்தில் மாதம் நூறு, இருநூறைத் தனியாக ஒரு டப்பாவில் போடுங்கள். மாசி, பங்குனியில் புதுப் புளியும் புது வற்றலும் வரும்போது வருஷத்துக்கானதை வாங்கிக் காயவைத்து, வற்றலை மல்லியோடு மில்லில் அரைத்துவிட்டால், 50 கிராம் மசாலா பாக்கெட்டுகள் லிஸ்டிலிருந்தே போய்விடும். மொத்தமாக வாங்கக் காசில்லாததால்தான் ஏழை வீடுகள் அதே மிளகாய்த்தூளுக்குக் கூடுதல் விலை கொடுக்கின்றன.

புகாருக்கு வருகிறேன். அளவு குறைந்தது சரியாக அச்சாகியிருந்தால் புகார் நிற்காது. அச்சிட்டதைவிட உள்ளே குறைந்தால் நிற்கும். 500 கிராம் பாக்கெட்டில் 15 கிராம் வரை குறைவதை விதி பொறுக்கும், அதற்கு மேல் பொறுக்காது. எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கினாலும், கடைத் தராசில் முத்திரை இல்லாவிட்டாலும் புகார் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைக் கவனிப்பது தொழிலாளர் துறை என்பதால், மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கும் எழுதலாம். பில்லையும், அதே வரிசையில் வந்த பிரிக்காத பாக்கெட் ஒன்றையும் பத்திரமாக வையுங்கள். பிரித்த பாக்கெட்டைக் கொண்டுபோனால் எடைக் குறைவை நிரூபிக்க முடியாது.