ஆறாத புண்: இறந்த தசையை ஏன் அகற்றுகிறார்கள்?

நலன்புரி நிலையத்தில் இருந்தபோது கிழமைக்கு இரண்டு மூன்று தடவை மருந்து கட்டிய புண், சொந்தக் காணிக்கு வந்த பிறகு கவனிப்பாரற்றுப் போய்விடுவதுண்டு. அங்கே கிளினிக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. இங்கே பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். கூரை போட வேண்டும், கிணறு இறைக்க வேண்டும், பற்றை வெட்ட வேண்டும். இத்தனைக்கும் நடுவில் காலில் இருக்கும் புண் கடைசிக்குத் தள்ளப்படுகிறது. போதாததற்கு, "போனால் வெட்டுவார்கள்" என்ற பயமும் இருக்கிறது. வைத்தியர் எதை வெட்டுகிறார், ஏன் வெட்டுகிறார் என்பது தெரிந்தால் அந்தப் பயத்தில் பாதியாவது குறையும்.

உடம்பின் எந்தப் பகுதியும் இரத்தம் ஓடும் வரைதான் உயிரோடிருக்கும். செல் துண்டு, கோடரி, தகரம், நெருப்பு, பாம்பின் நஞ்சு, இவற்றில் ஏதோ ஒன்று ஓரிடத்தின் இரத்த ஓட்டத்தைக் கெடுத்துவிட்டால் அங்குள்ள தோலும் தசையும் இறந்துபோகும். நாகபாம்பு கடித்து உயிர் தப்பியவருக்குக்கூட, கடித்த இடத்துத் தசை சில நாட்களின் பின் கறுத்து இறப்பதுண்டு. கொஞ்சமாக இருந்தால் உடம்பே அதைக் கரைத்து வெளியே தள்ளிவிடும். அதிகமாக இருந்தால் முடியாது. கிருமிகள் அதைத் தின்று பெருகும். புண் நாறும், சீழ் கட்டும், பக்கத்தில் உள்ள நல்ல தசையும் கெடும்.

குளிசையை மட்டும் நம்பியிருப்பவர்கள் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். நீங்கள் விழுங்கும் குளிசையும் போட்டுக்கொள்ளும் ஊசியும் இரத்தத்தின் வழியாகத்தான் புண்ணுக்குப் போய்ச் சேருகின்றன. இரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. கிருமிக்கு எதிரான மருந்து சுற்றியுள்ள நல்ல தசையைக் காக்கும். இறந்த தசைக்குள் இருக்கும் கிருமியை அதனால் எட்ட முடியாது. அதனால்தான் எவ்வளவு நல்ல மருந்தாக இருந்தாலும், இறந்ததை எடுக்காமல் அந்தப் புண் ஆறுவதில்லை.

புண்ணின் நிறம் ஓரளவு சொல்லும். கறுப்பாகத் தோல் போல் இறுகியிருப்பதும், மஞ்சளாகவோ சாம்பல் நிறமாகவோ வழுவழுப்பாக ஒட்டியிருப்பதும் பெரும்பாலும் இறந்தவை. மாதுளை முத்துப் போலச் சிவந்து, பொருபொருவென்று இருப்பது வளர்ந்துவரும் புதுத் தசை. ஓரத்தில் தெரியும் இளஞ்சிவப்பு புதுத் தோல். சிவப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது நல்ல செய்தி.

வைத்தியசாலையில் செய்வது இதுதான். முதலில் புண்ணை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள். பிறகு இறந்த பகுதியைக் கத்தரிக்கோலாலும் கத்தியாலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பார்கள். எங்கே நிறுத்துவது என்பதற்கு வைத்தியரிடம் அளவுகோல் உண்டு: உயிருள்ள தசை வெட்டினால் இரத்தம் கசியும், இடுக்கியால் கவ்வினால் சுருங்கும், இறந்த தசை இரண்டையும் செய்யாது. இரத்தம் வந்ததைப் பார்த்து "நல்ல தசையையும் வெட்டிவிட்டார்கள்" என்று சிலர் கோபப்படுகிறார்கள். அந்தக் கசிவு நல்ல தசையின் எல்லை வந்துவிட்டது என்பதற்கான அடையாளம். இறந்த பகுதிக்கு உணர்ச்சி இல்லை. உயிருள்ள ஓரம் நோகும் என்பதால் விறைப்பு ஊசி போடுவார்கள், புண் பெரிதென்றால் மயக்க மருந்து கொடுப்பார்கள். ஒரே தடவையில் முடியாமல் இரண்டாம், மூன்றாம் முறையும் செய்ய நேரலாம். முதல் நாள் நன்றாகத் தெரிந்த தசை இரண்டு நாளில் கறுக்கக்கூடும். அதனால் திரும்பக் கூப்பிட்டால், முதலில் சரியாகச் செய்யவில்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

"வெட்டினார்கள், ஆனால் தைக்காமல் அனுப்பிவிட்டார்கள்" என்ற குறையையும் கேட்கிறோம். இதற்கு நூறு வருடப் பாடம் ஒன்று இருக்கிறது. முதலாம் உலகப் போரின்போது பெல்ஜியம், பிரான்ஸ் வயல்களில், எருவும் சேறும் படிந்த காயங்களை உடனே தைத்து மூடியபோது அவை உள்ளுக்குள் அழுகி, பலர் இறந்தார்கள். இறந்த தசையை எல்லாம் எடுத்துவிட்டுக் காயத்தைத் திறந்தே வைக்க வேண்டும் என்று பெல்ஜிய வைத்தியர் அந்துவான் டெபாஜ் போன்றவர்கள் வற்புறுத்தினார்கள். போர்க்காயங்களுக்குச் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் வைத்தியர்கள் இன்றும் பொதுவாக அப்படித்தான் செய்கிறார்கள்: எடுத்து, திறந்து வைத்து, சுத்தமாக இருந்தால் நான்கைந்து நாட்களின் பின் தைப்பது. ஆகவே அந்தத் திறந்த புண் மறந்துபோய் விடப்பட்டதல்ல. ஆனால் தைப்பதற்குச் சொன்ன நாளில் நீங்கள் போக வேண்டும்.

செல் காயம் பட்டு, மேலே மூடி, மாதக்கணக்கில் ஒரு சிறு துவாரத்தால் சீழ் வடிந்துகொண்டிருக்கிறதா? அடியில் இறந்த எலும்புத் துண்டு கிடக்கக்கூடும். இதுவும் குளிசையால் மட்டும் மாறாது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, அந்தத் துண்டை அகற்ற வேண்டியிருக்கும். அதே நேரம், உடம்பில் ஆழத்தில் தொந்தரவில்லாமல் இருக்கும் இரும்புத் துண்டை வைத்தியர்கள் தேடி எடுக்காமல் விடுவதும் உண்டு. தோண்டித் தேடுவதால் வரும் கெடுதல் சில இடங்களில் அதிகம்.

வீட்டில் பிளேட்டால் சுரண்டவோ, கறுப்புப் பொருக்கை உரிக்கவோ வேண்டாம். நரம்பும் இரத்தக் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று வெளியே தெரியாது. நீரிழிவு உள்ளவரின் குதிக்காலிலோ விரலிலோ காய்ந்த கறுப்புப் பொருக்கு இருந்தால், அதை ஊறவைக்கக்கூடச் செய்யாமல் உலர்வாகவே வைத்து வைத்தியரிடம் காட்டுங்கள். கோப்பித்தூள், சாம்பல், சாணம், பற்பசை, உடைத்துத் தூவும் கப்சூல், இவை எதுவும் வேண்டாம். டெற்றோலும் ஸ்பிரிட்டும் முளைக்கிற புதுத் தசையையே எரித்துவிடும். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரால் கழுவி, சுத்தமான துணியால் மூடினால் போதும், ஈ உட்காராது.

புழு வைத்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், மண்ணெண்ணெயும் ஊற்றாதீர்கள். அது யாருடைய அழுக்கையும் காட்டுவதல்ல. இறந்த தசை இருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. சில நாடுகளில் கிருமி நீக்கி வளர்த்த புழுக்களைக் கொண்டே வைத்தியர்கள் புண்ணைச் சுத்தப்படுத்துகிறார்கள். நம் முற்றத்து ஈயின் புழு அப்படிப்பட்டதல்ல. அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.

புதுக் காயமென்றால் ஏற்பு ஊசியைத் தவற விடாதீர்கள். ஏற்புக் கிருமியின் வித்து மண்ணிலும் எருவிலும் இருக்கிறது. காற்றுப் படாத இறந்த தசையில்தான் அது முளைக்கும். காயம்பட்டுப் பொதுவாக 3 முதல் 21 நாட்களுக்குள் தாடை இறுகத் தொடங்கும். தாடை இறுகினாலோ, வீக்கம் மணிக்கு மணி ஏறினாலோ, புண்ணின் அளவுக்கு மிஞ்சிய வலி இருந்தாலோ, அழுத்தும்போது தோலுக்கடியில் நறநறவென்றாலோ, காய்ச்சலும் குலைப்பனும் வந்தாலோ விடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிரந்தி என்று சொல்லி முட்டையையும் மீனையும் நிறுத்திவிடுகிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். அவர்களுடைய அக்கறை புரிகிறது. ஆனால் எடுத்த இடத்தில் புதுத் தசை வளர அதே முட்டையும் மீனும் பருப்பும்தான் வேண்டும். குறிப்பிட்ட ஒரு உணவு உண்மையில் கடிக்கிறதென்றால் அதை மட்டும் விடுங்கள். உலருணவில் வரும் பருப்பைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிவிட்டு, புண் உள்ள அம்மா வெறும் சோறு சாப்பிடும் வீடுகள் உண்டு. அவருக்கும் ஒரு பங்கு வையுங்கள்.

கையெழுத்துக் கேட்டால், எதற்கு என்று கேளுங்கள். "இறந்த தசையை மட்டும் எடுக்கிறீர்களா, விரலையோ காலையோ எடுக்கப் போகிறீர்களா?" என்று நேரே கேட்கலாம், அது மரியாதைக் குறைவல்ல. வைத்தியர் சிங்களத்தில் பேசினால், தமிழ் தெரிந்த தாதியையோ ஊழியரையோ அழைத்து விளக்கச் சொல்லுங்கள். சத்திரசிகிச்சையைத் தமிழில் விளக்குவது புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் படிப்பித்து, 'இரணவைத்தியம்' என்ற நூலையும் வெளிக்கொணர்ந்தார்.

போகும்போது முகாமில் தந்த கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே படம், குடிக்கும் மருந்துகளின் உறைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். கொப்பி தொலைந்திருந்தாலும் போகலாம்; புதிதாக எழுதிக்கொள்வார்கள். அரச வைத்தியசாலையில் இந்தச் சிகிச்சைக்குக் காசு இல்லை. நடக்க முடியாதவர் வீட்டில் இருந்தால், உங்கள் பகுதிக்கு வரும் குடும்ப நல உத்தியோகத்தரிடமோ கிராம அலுவலரிடமோ இந்தக் கிழமையே சொல்லி வையுங்கள்.